தோற்பதை எழுதத் தெரிந்தவர்: வெண்கலப்பூட்டு அவர்களின் ரோல்பிளே பற்றி

கயிற்றோரம் எழுதியது:

நம் எழுத்து மல்யுத்தத்தில் சென்ற கார்டின், அதாவது மோதல் வரிசையின், முடிவு வந்ததிலிருந்து எல்லாரும் புதிய சாம்பியனைப் பற்றித்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். அக்னிப் பருந்து பட்டத்தைத் தூக்கிப் பிடிக்கும் காட்சிக்காக நம்மில் பலர் காத்திருந்தோம். எழுதிய சாம்பல்நரிக்கு என் வாழ்த்து. ஆனால் இந்த இழை தோற்றவருக்கானது. சங்கிலி மாறனை எழுதும் வெண்கலப்பூட்டு இந்த இருவரின் பகைக்கதை நெடுகச் செய்த வேலையை யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு கார்டு முடிந்ததும் அடுத்த கார்டுக்கு ஓடிவிடுகிறோம், பழைய ஆர்பி (ரோல்பிளே) எல்லாம் அடியில் போய்விடுகிறது. அதற்குள் எழுதிவைக்கிறேன்.

சமீபத்தில் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஈ-ஃபெடில், அதாவது இணையக் கற்பனை மல்யுத்த அமைப்பில், மோதல் நடப்பதில்லை, எழுதப்படுகிறது. ஒவ்வொரு வீரருக்கும் அவரை எழுதும் ஒரு ஹேண்ட்லர் உண்டு. மோதலுக்கு முன் இரு ஹேண்ட்லர்களும் தங்கள் வீரரின் பேச்சையும் அவர் வாழ்க்கைக் காட்சிகளையும் ஆர்பியாக எழுதி அனுப்புவார்கள். நடுவர்கள் படித்துவிட்டு யாருடையது மேல் என்று முடிவு செய்வார்கள். அப்புறம் மோதலை வேறொருவர் அடி அடியாக எழுதி வெளியிடுவார்.

இந்த ஏற்பாட்டில் ஜெயிக்க உட்காருகிறவரின் கை இயல்பாக ஒரே பக்கம்தான் போகும். என் ஆளை யாராலும் அசைக்க முடியாது, உன் ஆள் ஒன்றுக்கும் உதவாதவன். பெரும்பாலான ஆர்பிக்கள் இதையே வேறு வேறு வசவுகளில் சொல்கின்றன. வெண்கலப்பூட்டு இதைச் செய்வதே இல்லை. அவர் எதிராளியைப் பெரிதாக்குகிறார், அதுவும் ஒரு ஹீலின், அதாவது வில்லனின், வாயால். பட்ட மோதலுக்கு முந்தைய ஆர்பியில் மாறன் உடைமாற்றும் அறையில் தனியாக இருக்கும் பகுதியைப் பாருங்கள்:

"அவனுடைய முதல் மோதலை மறுபடி போட்டுப் பார்த்தேன். தோற்றான். மூலையில் ஏறி நின்று, குதிப்பதற்கு முன் கீழே பார்த்தான். அந்தப் பார்வை போதும், எதிராளி நகர்ந்துவிட்டான். போன கார்டில் அவன் குதித்ததையும் போட்டேன். கீழே பார்க்கவில்லை. முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டே திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை."

இந்த வரிகளில் மாறன் பயப்படுவதாக ஒரு சொல்கூட இல்லை. பருந்து நன்றாகச் சண்டையிடுகிறான் என்ற பாராட்டும் இல்லை. ஆனால் படித்து முடித்ததும் பருந்து என்கிற இளைஞன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. பருந்தின் முதல் மோதல் வெளியாகி எவ்வளவு காலமாயிற்று! அதில் மோதல் எழுதியவர் போகிற போக்கில் போட்ட ஒரு வாக்கியத்தைத் தேடி எடுத்து, இந்தப் பகைக்கே அச்சாணியாக்கியிருக்கிறார்.

இரண்டாவது, அந்த முழங்கால். தொலைக்காட்சியில் ஒருவர் அடிபட்டு நொண்டினால் நாம் கண்ணால் பார்க்கிறோம். அதை 'செல்லிங்' என்கிறார்கள். நம் உலகத்தில் ஒருவருடைய வீரரை இன்னொருவர் அனுமதியின்றித் தொடக்கூடாது என்பது அடிப்படை விதி. அதனால் நான் உங்கள் ஆளின் காலை உடைத்தேன் என்று எழுதினாலும், அடுத்த வாரம் நீங்கள் உங்கள் ஆளைத் துள்ளி ஓடவிட்டால் கால் உடையவே இல்லை என்றாகிவிடும். காயம் பட்டவரின் ஹேண்ட்லர் மனசு வைத்தால்தான் காயம் இருக்கும். பலர் மனசு வைப்பதில்லை, தங்கள் ஆளைப் பலவீனமாகக் காட்ட யாருக்குத்தான் பிடிக்கும்? வெண்கலப்பூட்டு அந்த முழங்காலை வாரக்கணக்கில் சுமந்தார். வலிக்கிறது என்று மாறன் எங்கேயும் சொல்லவில்லை. எந்தக் காட்சியிலும் உட்காரவுமில்லை, எப்போதும் சுவரில் சாய்ந்தே நிற்கிறான். உட்கார்ந்தால் எழுந்திருப்பதை யாராவது பார்த்துவிடுவார்கள் அல்லவா! இதைக் கவனித்துப் படித்தவர்களுக்குப் பட்ட மோதலின் கடைசிக் கட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் பல ஃபெடுகளில் படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். தன் ஆளுக்காக எழுதுகிறவர்கள் நிறைய. ஒரு மோதலுக்காக, ஒரு கார்டுக்காக எழுதுகிறவர் இவர். உங்களுக்குப் பிடித்த இடங்களையும் எழுதுங்கள்.

---

நள்ளிரவுமணி எழுதியது:

முதல் ஆளாக வழிமொழிகிறேன். எனக்குப் பிடித்தது மாறனின் குரல். ஹீல் என்றால் கத்த வேண்டும், எழுத்தில் ஆச்சரியக்குறிகள் வரிசை கட்ட வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. 1980-களில் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் மைக் முன் கத்திக்கொண்டிருந்தபோது மல்யுத்த வீரர் ஜேக் ராபர்ட்ஸ் தாழ்ந்த குரலில்தான் பேசுவார். அரங்கம் அவரிடம் காதைக் கொடுத்தது. மாறன் அந்த வழி. அவன் பேச்சில் ஆச்சரியக்குறியே கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். கோபம் ஏற ஏற வாக்கியம் குட்டையாகிக்கொண்டே போகும். கடைசி ப்ரோமோவின் (சவால் பேச்சின்) முடிவில் இரண்டு சொல், ஒரு சொல் என்று இறங்கி நிற்கிறது.

---

சாம்பல்நரி எழுதியது:

இந்த இழையை நானே தொடங்கியிருக்க வேண்டும், கயிற்றோரம் முந்திக்கொண்டார். நன்றி.

எதிரில் நின்று எழுதியவள் என்ற முறையில் வெளியே தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன். பகை அறிவிக்கப்பட்டதுமே வெண்கலப்பூட்டு அண்ணா எனக்குத் தனிச்செய்தி அனுப்பினார். பருந்தைப் பற்றி எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டிருந்தார். பருந்தின் தம்பி கதையைத் தொட வேண்டாம் என்றேன், அதை நான் வேறொரு இடத்துக்காகச் சேர்த்துவைத்திருந்தேன். காரணம் கேட்கவில்லை. சரி என்று விட்டுவிட்டார். கடைசிவரை மாறன் வாயில் அந்தத் தம்பி வரவே இல்லை. ஹீலுக்கு அது எவ்வளவு வசதியான ஆயுதம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது நேரம். டெட்லைன் நாளன்று கடைசி நிமிடத்தில் ஆர்பி போட்டால் எதிராளியால் பதில் எழுத முடியாது. பலர் இதை உத்தியாகவே வைத்திருக்கிறார்கள். அண்ணா ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே போட்டார். அவர் எழுதியதைப் படித்து, அதற்குப் பருந்து என்ன சொல்வான் என்று யோசித்து எழுத எனக்கு நாள் இருந்தது. "கீழே பார்க்கவில்லை" என்பதற்குப் பருந்து சொன்ன பதில் நினைவிருக்கிறதா? "கீழே பார்த்தால் நீ தெரிவாய், உன்னைப் பார்த்து நான் வளர்ந்தவன்." நான் எழுதியதிலேயே பலரும் எடுத்துச் சொல்லும் வரி இதுதான். அவர் அந்தக் கேள்வியைப் போட்டிராவிட்டால் எனக்கு இந்தப் பதில் வந்திருக்காது.

பருந்து ஜெயித்தான். ஆனால் ஜெயிக்கத் தகுந்தவனாக அவனை ஆக்கியதில் பாதி அவர் எழுத்து.

---

மூலைத்தூண் எழுதியது:

பாராட்டுக்கு நானும் உடன்படுகிறேன், ஆனால் முழுக்க இல்லை. இழை ஒரே சுருதியில் போவதால் மாற்றுக் கருத்தையும் வைக்கிறேன். வெண்கலப்பூட்டு தவறாக நினைக்க மாட்டார் என்ற நம்பிக்கையில்தான்.

ஒன்று. நம் ஃபெட் ஆர்பிக்கு மதிப்பெண் போடும் ஃபெட். முடிவை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளும் ஃபெடுகள் உண்டு, அங்கே எதிராளியை உயர்த்தி எழுதுவது இயல்பு. இங்கே போட்டி. எதிராளியைத் தூக்கித் தூக்கி எழுதி, கடைசியில் அவரிடமே தோற்றால் அதைத் தியாகம் என்று கொண்டாடுவதா? அப்படிக் கொண்டாடினால், ஜெயிக்க எழுதுகிறவர்கள் ஏதோ தாழ்ந்த வேலை செய்கிறார்கள் என்று ஆகிவிடும். ஜெயிக்க எழுதுவதும் நேர்மையான வேலைதான்.

இரண்டு. ஹீலை மக்கள் வெறுக்க வேண்டும். பகையின் நடுப்பகுதியில் கருத்துகளைப் பாருங்கள், பாதிப் பேர் மாறன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நொண்டும் மூத்த வீரன், தனியாக இருக்கிறான், தன் உடம்பு கைவிடுவதை மறைக்கிறான் என்றால் யாருக்குத்தான் இரக்கம் வராது? அந்த இரக்கம் பருந்துக்குப் போக வேண்டிய கைதட்டலில் இருந்து எடுக்கப்பட்டது.

மூன்று, பழைய டேக் டீம் (ஜோடி மோதல்) கூட்டாளியை மாறன் போய்ப் பார்க்கும் காட்சி. எழுத்து அழகுதான், ஆனால் பட்டத்தைப் பற்றியும் பருந்தைப் பற்றியும் ஒன்றுமே இல்லாமல் அவ்வளவு நீளம் தேவையில்லை என்பது என் கருத்து. நடுவராக இருந்திருந்தால் அங்கே மதிப்பெண் குறைத்திருப்பேன்.

---

கருப்புவெள்ளைக்கோடு எழுதியது:

பட்ட மோதலை எழுதியவன் நான். மூலைத்தூணின் முதல் கருத்துக்கு என் பக்கத்திலிருந்து பதில் இருக்கிறது.

மோதலை எழுதுகிறவருக்கு முடிவு முதலில் கையில் வந்துவிடும். வழி மட்டும் தெரியாது. அந்த வழியை இரண்டு ஆர்பிக்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். "உன்னை நசுக்குவேன், உன் ரத்தத்தைக் குடிப்பேன்" என்று இரண்டு பக்கமும் எழுதி அனுப்பினால் எனக்கு எடுத்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. வழக்கமான நகர்வுகளை அடுக்கி, ஃபினிஷர் (முடித்துவைக்கும் அடி) போட்டு, மூன்று எண்ணி முடிப்பேன். அப்படி எழுதிய மோதல்கள் யாருக்கும் நினைவில் இருக்காது, எனக்கே இருக்காது.

இந்த ஆர்பியில் எனக்குக் கிடைத்தவை: முழங்கால், கீழே பார்ப்பது, அப்புறம் மாறன் சங்கிலியைக் கழற்றிக் கதவுக்கு வெளியே மாட்டிவிட்டுக் களத்துக்கு வருவது. மூன்றையும் பயன்படுத்தினேன். மாறன் தன் ஃபினிஷரான 'கடைசிக் கண்ணி'யைப் போடப் பருந்தைத் தூக்குகிறான், முதல் முறை சரியாக விழுகிறது, பருந்து எப்படியோ மூன்று எண்ணும் முன் இரண்டரையில் தோளை எடுத்துவிடுகிறான். இரண்டாவது முறை தூக்கும்போது முழங்கால் மடங்குகிறது. பருந்து மூலையில் ஏறுகிறான். கீழே பார்க்காமல் குதிக்கிறான்.

இப்போது நான் சொல்ல வந்தது. நடுவர்கள் மாறனுக்கு வெற்றி கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அதே மூன்றும் போதும்! பருந்து கடைசி நேரத்தில் ஒரு கணம் கீழே பார்த்துவிடுகிறான், ஏனென்றால் கீழே கிடப்பவன் அவன் பார்த்து வளர்ந்தவன். மாறன் முழங்காலைப் பொறுத்துக்கொண்டு எழுந்து நகர்ந்துவிடுகிறான். மோதல் முடிகிறது. இதுவும் முழுமையான கதை. பருந்துக்கு இதில் எந்தக் கேவலமும் இல்லை.

ஆக அவர் தோற்பதற்காக எழுதவில்லை. எந்த முடிவு வந்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கும்படி எழுதியிருக்கிறார். மதிப்பெண் வித்தியாசமும் மிகக் குறைவாகத்தான் இருந்தது என்பதை நடுவர் பக்கத்திலிருந்து அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இழைத் தலைப்பில் 'தோற்பதை எழுதத் தெரிந்தவர்' என்று இருக்கிறது, நான் வைத்திருந்தால் வேறு தலைப்பு வைத்திருப்பேன்.

---

பழையகார்டு எழுதியது:

நல்ல இழை. இந்தப் பொழுதுபோக்கு 1990-களில் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களிலும் மின்னஞ்சல் பட்டியல்களிலும் வளர்ந்த காலத்திலிருந்தே இதே சண்டை உண்டு. முடிவை எதை வைத்துத் தீர்மானிப்பது? சில ஃபெடுகள் டி.என்.எம். போன்ற சிமுலேட்டர் மென்பொருளில் வீரர்களின் பலத்தை எண்ணாகக் கொடுத்து மோதலை ஓட்டிவிட்டன. சில ஆர்பியைப் பார்த்தன. சில, கதை எங்கே போக வேண்டும் என்று கூடிப் பேசின. ஆர்பியைப் பார்த்த இடங்களில் எழுத்து வளர்ந்தது, கூடவே மூலைத்தூண் சொல்லும் சிக்கலும் வளர்ந்தது.

அவருடைய இரண்டாவது கருத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேச ஆசை. ஹீல் மீது இரக்கம் வந்தால் ஃபேஸுக்கு, அதாவது நாயகனுக்கு, நஷ்டம் என்பதை நான் ஏற்கவில்லை.

1987 மார்ச் 29, தொலைக்காட்சி மல்யுத்தத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா 3. பான்டியாக் சில்வர்டோம் அரங்கில் ரேண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதிய மோதல். முந்தைய ஆண்டின் கடைசியில் சாவேஜ் மணியை எடுத்து ஸ்டீம்போட்டின் தொண்டையை நசுக்கியதாகக் கதை. ஸ்டீம்போட் அந்தத் தொண்டைக் காயத்தை மாதக்கணக்கில் காட்டினார். வந்து நின்றபோது அந்த மோதலுக்கு ஏற்கனவே ஒரு கனம் இருந்தது. சாவேஜ் ஒவ்வொரு நகர்வையும் முன்கூட்டியே வரிசையாகத் திட்டமிடுவார் என்பது பலரும் சொல்லிப் பதிவான விஷயம். அவ்வளவு உழைத்துத் திட்டமிட்டு, கடைசியில் அவர் தோற்றார், இன்டர்கான்டினென்டல் பட்டத்தையும் இழந்தார். அன்றைய தலைமை மோதல் ஹல்க் ஹோகனுக்கும் ஆந்த்ரே த ஜயன்டுக்கும். ஆனாலும் மல்யுத்தத்தை ஒரு கலையாகப் பார்க்கிறவர்கள் அந்த இரவிலிருந்து எடுத்துப் பேசுவது பெரும்பாலும் சாவேஜ் தோற்ற மோதலைத்தான்.

பத்து வருடம் கழித்து, 1997 மார்ச் 23, ரெஸில்மேனியா 13. பிரெட் ஹார்ட்டும் ஸ்டீவ் ஆஸ்டினும். சரணடைந்தால் மட்டுமே தோல்வி என்ற விதி, கென் ஷாம்ராக் நடுவர். ஆஸ்டின் ஹீலாக உள்ளே வந்தார். முகமெல்லாம் ரத்தம் வழிய ஷார்ப்ஷூட்டர் பிடியில் கிடந்தார், சரணடையாமலே மயங்கிப்போனார். தோல்வி என்று அறிவித்தார்கள். ஆனால் வெளியே போகும்போது மக்கள் ஆஸ்டின் பக்கம், ஹார்ட் ஹீல். ஒரே மோதலில் இருவரும் இடம் மாறினார்கள். ஹார்ட் அன்று ஆஸ்டினைப் பெரியவராக்கினார், ஆஸ்டின் தோற்றுக்கொண்டே பெரியவரானார். இதில் யாருக்கு நஷ்டம்?

மாறன் மீது வந்த இரக்கம் பருந்துக்குப் போக வேண்டியதைத் திருடியது என்று எனக்குப் படவில்லை. நாம் யாருக்காக இரக்கப்பட்டோமோ அவரையே பருந்து வீழ்த்தினான், அதனால்தான் அந்தக் கடைசிக் குதிப்பைப் படித்தபோது மகிழ்ச்சியும் வலியும் சேர்ந்து வந்தது. வெறும் வில்லனை வீழ்த்தியிருந்தால் மகிழ்ச்சி மட்டும் வந்து, மறுநாளே போயிருக்கும்.

---

மூன்றாம்தட்டு எழுதியது:

வணக்கம், நான் புதிது. என் வீரர் இன்னும் இரண்டாவது கார்டைத் தாண்டவில்லை. இழையைப் படித்ததும் அந்தப் பகை முழுவதையும் முதலிலிருந்து படித்தேன், தூங்கப் போகவில்லை.

ஒரு கேள்வி, வெண்கலப்பூட்டு ஐயாவுக்கோ வேறு யாருக்கோ. எதிராளியின் பழைய எழுத்திலிருந்து விஷயம் எடுக்கலாம், சரி. எனக்கு அடுத்து வரும் எதிராளியும் புதியவர். அவரைப் பற்றி ஒரு அறிமுகக் குறிப்பும் ஒரு மோதலும்தான் இருக்கின்றன. அப்படிப்பட்டவரை எப்படிப் பெரிதாக்குவது?

---

வெண்கலப்பூட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறவர்கள் இருக்கும் இடத்தில் எழுதக் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயம். தனித்தனியாகப் பதில் சொல்கிறேன்.

கயிற்றோரம், முழங்காலுக்கான பாராட்டில் பங்கு கருப்புவெள்ளைக்கோடு அவர்களுக்கு. இந்தப் பகை தொடங்கும் முன்பே வேறொருவருடன் நடந்த மோதலில் மாறனின் கால் கயிற்றில் சிக்கியதாக ஒரு வரி எழுதியிருந்தார். மோதலின் முடிவோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் அவர் கொடுத்ததை நான் எடுக்காமல் விட்டால் அந்த வரி வீண். நம் வீரருக்கு என்ன நடக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுவதில்தான் எனக்கு இந்த எழுத்தின் சுவை. தனியாகச் சிறுகதை எழுதும்போது அந்தச் சுவை கிடைப்பதில்லை.

எழுதும் முறையைக் கேட்டுச் சிலர் தனியாகவும் எழுதியிருந்தார்கள். நான் முதலில் மாறனை எழுதுவதில்லை, எதிராளியை எழுதுகிறேன். தனிப் பக்கத்தில், எதிராளியின் குரலில், மாறன் ஏன் தோற்க வேண்டும் என்று முடிந்தவரை வலுவாக வாதாடுகிறேன். யாருக்கும் காட்டமாட்டேன், முடிந்ததும் அழித்துவிடுவேன். அதன் பிறகு மாறன் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல உட்காருகிறான். எதிராளி சொல்லக்கூடிய மிகச் சிறந்த வாதத்துக்குப் பதில் தேடும்போது மாறனால் பொய் சொல்லித் தப்ப முடியாது, நானும் வசவில் ஒளிந்துகொள்ள முடியாது.

மூலைத்தூண், உங்கள் கருத்தைத் தவறாக எடுத்துக்கொள்ளவே இல்லை. ஜெயிக்க எழுதுவது தாழ்ந்த வேலை என்று நானும் நினைக்கவில்லை, ஜெயிக்கவே எழுதினேன். கருப்புவெள்ளைக்கோடு அதைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஒன்றுமில்லாத ஒருவனை வென்று மாறனுக்கு என்ன கிடைக்கும்?

ஹீலைப் பற்றி: மாறன் தன்னைக் கெட்டவன் என்று நினைப்பதில்லை. சின்ன விஷயங்களில் அவன் சொல்வது பெரும்பாலும் சரி. பருந்து அவசரப்படுகிறான் என்பது சரி, கைதட்டலுக்காகத் தேவையில்லாமல் உயரம் ஏறுகிறான் என்பதும் சரி. பெரிய விஷயத்தில் மட்டும் தவறு, அதாவது தன் காலம் முடியவில்லை என்பதில். சின்னச் சின்ன உண்மைகளைச் சொல்லிக்கொண்டே ஒரு பெரிய பொய்க்குள் வாழ்கிறவன்தான் எனக்குத் தெரிந்த நல்ல ஹீல்.

கூட்டாளிக் காட்சியில் மட்டும் உங்களோடு உடன்பட மாட்டேன். மாறன் அதுவரை கேமராவிடமும் தன்னிடமும்தான் பேசியிருந்தான். அவன் முழங்காலைப் பற்றி உண்மை தெரிந்த ஒரு மனிதரிடம் நின்று "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் பதிலே சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போடுகிறார், மாறன் உட்காரவில்லை. அது இல்லாமல் உடைமாற்றும் அறைக் காட்சிக்கு என்னால் போக முடியாது. பருந்தின் பெயர் அங்கே வரவில்லைதான், ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லவைத்தது பருந்து.

மூன்றாம்தட்டு, எதிராளியிடமே கேளுங்கள். "உங்கள் ஆள் எதற்குப் பயப்படுவார், எதில் பெருமைப்படுவார்?" இந்த இரண்டு கேள்வி போதும். புதியவர்கள் பெரும்பாலும் மனதில் நிறைய வைத்திருப்பார்கள், கேட்க ஆள் இல்லாமல் குறிப்பில் எழுதாமல் விட்டிருப்பார்கள். அவர் சொன்னதில் ஒன்றை எடுத்து உங்கள் வீரர் கவனித்ததாக எழுதுங்கள். தன் வீரரை இன்னொருவர் கவனித்திருக்கிறார் என்று படிக்கும்போது அவர் எழுத்து அடுத்த நாளே மாறும், நீங்களே பார்ப்பீர்கள்.

---

நள்ளிரவுமணி எழுதியது:

கூடவே ஒன்று, மூன்றாம்தட்டு. அந்த ஒரே மோதலில் வர்ணனையாளர்களின் பேச்சையும் படியுங்கள். அடிகளை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மோதல் எழுதியவர் அந்த வீரரை எப்படிப் புரிந்துகொண்டார் என்பது வர்ணனை வரிகளில்தான் இருக்கும்.

எதிராளி ஆர்பியே போடாமல் விட்டுவிட்டாலும் கவலை வேண்டாம். அவர் வந்திருந்தால் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்தே எழுதுங்கள். அவரைக் கேலி செய்து ஜெயித்த ஆர்பியை யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள்.

---

மூலைத்தூண் எழுதியது:

பழையகார்டு, ஆஸ்டின் உதாரணம் பலமானது, ஆனால் அங்கே இடம் மாறியது திட்டம். இருவரும் அதற்கென்றே களத்துக்கு வந்தார்கள். மதிப்பெண் ஃபெடில் அப்படித் திட்டமிட முடியாது என்ற என் கருத்து அப்படியே இருக்கிறது. வாசகர் சாய்ந்துவிட்டால் திருப்பிக் கொண்டுவர இங்கே யாருக்கும் கடிவாளம் இல்லை.

வெண்கலப்பூட்டு, அந்த நாற்காலியை நான் கவனிக்காமல் படித்திருக்க முடியாது, கவனித்தேன். காட்சி நீளம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். நாற்காலி மட்டும் போதும், அதற்கு முந்தைய பழங்கதை உரையாடல் வேண்டாம். ஆனால் எதிராளியின் வாதத்தை முதலில் எழுதும் அந்த முறையை அடுத்த கார்டுக்கு நான் செய்து பார்க்கப் போகிறேன். என் எதிராளி நள்ளிரவுமணி, அவர் தயாராக இருக்கட்டும்.

---

கயிற்றோரம் எழுதியது:

கருப்புவெள்ளைக்கோடு, தலைப்பை மாற்றவில்லை. எந்த முடிவுக்கும் தயாராக எழுதியவர் என்பது உண்மை. ஆனால் முடிவு வந்த பிறகு அவர் போட்ட அந்தச் சிறிய ஆர்பியையும் சேர்த்துத்தான் தலைப்பு வைத்தேன். யாரும் கேட்காமல், மதிப்பெண் எதுவும் இல்லாமல், தோற்ற மறுநாள் எழுதியது அது. மாறன் சாக்குச் சொல்லவில்லை, நடுவரைக் குறை சொல்லவில்லை, முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை. "அவன் என்னை வென்றான்" என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டு, முதல் முறையாக உட்காருகிறான். தோற்ற பிறகு அப்படியே காணாமல் போகிறவர்கள், அடுத்த வாரமே ஒன்றும் நடக்காத மாதிரி வருகிறவர்கள் இருக்கும் இடத்தில் அந்த ஆர்பி பருந்தின் பட்டத்துக்கு முத்திரை குத்தியது.

நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன், இந்தப் பகையின் எல்லா ஆர்பிக்களையும் மோதலையும் வரிசைப்படுத்தி ஒரே இடத்தில் வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். இரு ஹேண்ட்லர்களின் அனுமதியும் தேவை.

---

சாம்பல்நரி எழுதியது:

என் அனுமதி உண்டு. கூடவே பருந்தின் முதல் மோதலையும் சேர்த்துவிடுங்கள், அந்தக் 'கீழே பார்த்தான்' அங்கேதான் இருக்கிறது.

---

வெண்கலப்பூட்டு எழுதியது:

எனக்கும் சம்மதம்.

சாம்பல்நரி, மறுமோதல் அறிவிப்பு வந்துவிட்டது, பார்த்திருப்பீர்கள். கடைசிக் குதிப்பில் பருந்து தோள் அடிபட விழுந்ததாக மோதலில் இருக்கிறது. மாறன் அதைக் கவனித்திருப்பான். தொடலாமா?

---

சாம்பல்நரி எழுதியது:

தொடலாம் அண்ணா. வலது தோள். இந்த வாரமே அவனைப் பையை இடது கையில் தூக்கவைத்து எழுதியிருக்கிறேன், நாளை போடுகிறேன், படித்துவிட்டு எழுதுங்கள்.